நீளத்துக்கேற்ற எடை

மீனின் நீளத்தை எடுப்பது பெரிய வித்தையில்லை. தலை இடப்பக்கம் வரும்படி அளவுப் பலகையில் கிடத்தி, மூக்கு முனை சட்டத்தில் முட்டும்படி தள்ளி, வால் எங்கே முடிகிறதோ அங்கே கோட்டைப் படித்துவிட்டால் ஆயிற்று. எடைதான் படுத்தி எடுக்கும். செதிளில் தேங்கின தண்ணீர், செவுளில் அப்பின சேறு, தொட்ட கையின் ஈரம் எல்லாம் நாங்களும் மீன்தான் என்று தராசில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றி எடுத்து, தட்டில் வைத்து, எண் ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அவள் வருஷக்கணக்காக அப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவள். நீர்த்தேக்கத்தின் கரையிலிருந்த அந்த மீன் ஆய்வுக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்கேலக்கா. அதிகாரிகூட ஒருமுறை கூட்டத்தில் வாய் தவறி "நம்ம ஸ்கேலக்கா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

விடுப்பு முடிந்து அவள் திரும்பி வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று முன்னாலேயே கூடிப் பேசி வைத்திருந்தார்கள் போலும். எல்லோரும் வரிசையாக வந்து, ஒரே குரலில், "டீ சாப்பிடுறீங்களா?" என்று கேட்டதிலேயே அது தெரிந்தது. அவளும் ஒவ்வொருவருக்கும் சரி என்று தலையாட்டினாள். மேஜைமேல் டம்ளர்கள் ஆறிக் கிடந்தன.

எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே அசைவை நிறுத்திவிட்டது. மயக்கம் கொடுத்து எடுத்தார்கள். அவள் கண் விழிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை. புருஷன் கையில் வாங்கிக்கொண்டு போய், மண்ணில் விட்டுவிட்டு, சட்டை முழங்கையில் செம்மண்ணோடு வந்து கட்டிலருகே நின்றான். "நல்ல நீளமான பிள்ளைம்மா" என்று நர்ஸ் சொன்னாள். ஏதோ நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தேடிப்பிடித்துச் சொன்னது அது. டேப்பை வைத்து அளந்து, எத்தனை என்றும் சொன்னாள்.

ஆக, நீளம் அவளிடம் இருந்தது. எடை இல்லை.

முகத்தைப் பார்க்காமல் போனதைக்கூட அவள் எப்படியோ தாண்டி வந்துவிட்டாள். முகத்தை மனசு நாளுக்கொரு விதமாக வரைந்து காட்டியது. ஒருநாள் அவன் மூக்கு, ஒருநாள் தன் நெற்றி. கனத்தை மனசால் வரைய முடியவில்லை. கனம் கைக்குத்தான் தெரியும். எட்டு மாசம் சுமந்தவளுக்குத் தெரியாதது, கொஞ்ச நேரம் வாங்கி வைத்திருந்தவனுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும், பிறகு தூங்கிவிடலாம் என்று அவள் நினைத்தாள். சிறுபிள்ளைத்தனம் என்றும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன செய்ய?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவனிடம் கேட்டாள். அவன் டவுன் பஸ் ஓட்டுபவன். காலை டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவுங்க கனம் இருந்தா?"

"வண்டிச் சாவிய எங்க வச்சேன்?" என்றான் அவன்.

சாவி அவன் கையில்தான் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அவன் போய்விட்டான்.

அதன்பிறகு அவள் தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டாள். அதே நர்ஸ்தான் இருந்தாள். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கம்ப்யூட்டரில் தேடி, ஒரு எண்ணைச் சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அது கடைசியாக எடுத்த ஸ்கேனில் இருந்த எண். கடைசி இலக்கம் வரை அதேதான்.

ஸ்கேன் எந்திரம் எதையும் நிறுப்பதில்லை. தொடை எலும்பு எத்தனை நீளம், தலை எத்தனை சுற்றளவு, வயிறு எத்தனை சுற்றளவு என்று அளந்து, அதை ஒரு சூத்திரத்தில் போட்டு, இந்த அளவுள்ள குழந்தை இத்தனை எடை இருக்கலாம் என்று சொல்லும். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மீனுக்கும் அதேதான். நீளம் இரண்டு மடங்கானால் எடை இரண்டு மடங்காகாது, ஏறக்குறைய எட்டு மடங்காகும். மீன் நீண்டுகொண்டு மட்டும் போவதில்லை, அகலத்திலும் தடிமனிலும் கூடவே ஊதுகிறது. ஆயிரம் மீனை அளந்து, நிறுத்து, புள்ளி வைத்தால் அந்தப் புள்ளிக் கூட்டத்தின் நடுவில் வளைந்து ஏறும் ஒரு கோடு கிடைக்கும். அப்புறம் நீளத்தைச் சொன்னால் கோடு எடையைச் சொல்லும். ஆனால் கோட்டின்மேலேயே உட்கார்ந்திருக்கும் மீன் அபூர்வம். ஒன்று மேலே இருக்கும், கொழுத்தது. ஒன்று கீழே இருக்கும், வாடினது. கோடு சொல்வது எல்லா மீனையும் பற்றித்தான்; இந்த ஒரு மீனைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

"இது ஸ்கேன்ல இருந்ததுதானே சிஸ்டர்? தராசுல வைக்கலையா?"

நர்ஸ் கதவைப் பார்த்தாள், பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். "தராசு அந்தப் பக்கத்து ரூம்ல இருக்கும்மா. அங்க வரிசையா குழந்தைங்க, கத்திக்கிட்டு, கால ஆட்டிக்கிட்டு... அந்த ரூமுக்குத் தூக்கிட்டுப் போக எனக்கு மனசு வரல. ஏதோ ஒண்ணு போடணுமேன்னு இதப் போட்டேன்." கண் கலங்கியிருந்தது அவளுக்கு. "தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. அவள் நர்ஸின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் வரும்போது, கடைசியில் தான்தான் ஆறுதல் சொல்லிவிட்டு வருகிறோம் என்று தோன்றி, ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டாள்.

அப்புறம் வேலைதான். அது கெண்டை சினைபிடித்திருக்கும் காலம். படகுக்காரர் விடிகாலையில் வலையிழுத்துக் கொண்டுவரும் மீனை இரண்டு தொட்டியாகப் பிரிப்பார்கள். ஒன்று அவளுக்கு, ஒன்று ரேடியோவுக்கு. ரேடியோ எதிர் மேஜைக்காரி, அவளைவிடச் சின்னவள், வாயை மூடத் தெரியாதவள். மாமியார் சண்டை, ரேஷன் கடை வரிசை, பக்கத்து வீட்டு நாய்க்கு வந்த சொறி என்று மீனைப் பார்த்துக்கொண்டே ஒலிபரப்புவாள். இப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் மாமியார் சண்டையை மட்டும். அந்தச் சண்டையிலும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் தலைகாட்டவில்லை. பிள்ளைகளே இல்லாத வீட்டில் நடக்கிற மாதிரி நடந்தது சண்டை.

மாசக் கடைசியில் அதிகாரி இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். திரையில் இரண்டு கோடுகள் இருந்தன. சின்ன மீனில் ஒட்டிப்போன அவை, நீளம் கூடக்கூடப் பிரிந்து, கடைசியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நின்றன.

"மேல இருக்கறது ரேடியோ. கீழ இருக்கறது நீ. ஏம்மா, ஒரே வலை, ஒரே தண்ணி, ஒரே நாள். உன் மீன் மட்டும் என்ன டயட்ல இருக்கா?"

"தராசு சரியாத்தான் இருக்கு சார். தினமும் காலைல படிக்கல் வச்சுப் பாத்துட்டுத்தான் ஆரம்பிக்கறேன்."

"அப்ப அவளோடது தப்பா? இவ மீனோட கட்டைவிரலையும் வச்சு நிறுக்கறாளா?"

வழக்கமாக இதற்கு ரேடியோ ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். பேசவில்லை. பேசாமலிருந்த ரேடியோவைப் பார்ப்பதே விசித்திரமாயிருந்தது. அதிகாரி தொடர்ந்தார். "உன் கணக்க மட்டும் பாத்தா ஏரில இரையே இல்லன்னு அர்த்தம். பெரிய மீனெல்லாம் பட்டினி. நான் மேல எழுதினா குஞ்சு விடறதயே நிறுத்திடுவாங்க. தெரியுதா? யாரோடது நெசம்னு எனக்குத் திங்கக்கிழமைக்குள்ள தெரியணும்."

இதுவரை அவள் எடுத்த எடையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. தன்னையே சந்தேகப்பட்டாள். துடைக்கும்போது நினைவு வேறெங்கோ போய், எண் அடங்குவதற்கு முன்னாலேயே படித்துவிட்டோமா? திரும்பி வரும்போதே நடையில் அவளுக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக வந்தன. இந்த மாசம் அறுத்த மீன்கள். வயிற்றைக் கீறி, ஆணா பெண்ணா என்று பார்த்து, சினையிருந்தால் அதை எடுத்துத் தனியாக நிறுக்க வேண்டும். அந்தச் சின்னத் தட்டை அவள் கடைசியாக எப்போது எடுத்தாள்?

எடுக்கவே இல்லை. சினைக் காலத்தில், ஒரு மாசமாக, ஒரு சினை மீன்கூட அவள் கத்திக்கு வரவில்லை.

மேஜைக்கு வந்ததும் ரேடியோவின் எதிரில் போய் நின்றாள்.

"என் தொட்டியிலேர்ந்து எடுத்தியா?"

ரேடியோ கையுறையைக் கழற்றுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள். "வயிறு பெருசா இருக்கறத மட்டும்க்கா. நீங்க வர்றதுக்கு முன்னாடி. எடுத்துட்டு, என்னோடதுலேர்ந்து அதே நீளத்துல ஒரு ஆண் மீன உங்களுக்குப் போட்டுடுவேன். எண்ணிக்கை குறையக் கூடாதில்ல."

"அதே நீளத்துல."

"ஆமாக்கா, பலகைல வச்சுப் பாத்துத்தான் போட்டேன்." அதிலும் நேர்மையாக இருந்திருக்கிறாள் என்று சொல்ல விரும்பியவளாக நிமிர்ந்தாள், முகம் கோணிக்கொண்டு வந்தது. "நீங்க அத அறுத்து, உள்ள கைய விட்டு எடுத்து... எப்படிக்கா? நான் எப்படிக்கா பாத்துக்கிட்டு இருப்பேன்? படகுக்காரர்கிட்ட சொன்னேன், அவரும் சரின்னுட்டாரு. எல்லாருக்கும் தெரியும். சாருக்கு மட்டும்தான் தெரியாது. அவருக்குத்தான் எதுவுமே தெரியாதே."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒரு மாச வேலை குட்டிச்சுவராகிவிட்டது. ஒரு ஏரியே பட்டினி கிடப்பதாகப் பேராகிவிட்டது. ஆனால் கோபம் வருகிற இடத்தில் வேறொன்று வந்தது. தன்னைச் சுற்றி எத்தனை பேர் நின்று எத்தனை கவனமாக எடுத்து ஒளித்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். நர்ஸ், ரேடியோ, படகுக்காரர். எல்லோரும் அவளுக்குத் தாங்காது என்று கனமானதையெல்லாம் எடுத்துவிட்டு, அதே நீளத்தில் லேசான ஒன்றை வைத்துவிட்டார்கள். அவளும் மாசம் முழுக்க அந்த லேசானதை அளந்து, நிறுத்து, இதுதான் என் ஏரி என்று நம்பியிருக்கிறாள்.

வீட்டிலும் ஒருத்தன் இருக்கிறான்.

"இன்னிக்கு வலைல வந்தது எங்க?" என்று கேட்டாள்.

"ஐஸ் பெட்டில."

"எனக்கு வர வேண்டியத எனக்குக் குடு."

"அக்கா..."

"குடு பாப்பா."

ரேடியோ கொண்டுவந்து வைத்தாள். நல்ல கெண்டை, பக்கங்கள் புடைத்து, பிடித்த இடத்தில் விரலுக்கு இளகிக் கொடுத்தது. அவள் ஒற்றினாள், நிறுத்தாள், எண்ணைச் சத்தமாகச் சொன்னாள், ரேடியோ எழுதிக்கொண்டாள். பிறகு வயிற்றின் அடிப்பக்கம் நுனி வைத்துக் கீறினாள். உள்ளே இரண்டு பக்கமும் நிறைத்துக்கொண்டு, மஞ்சளும் இல்லாமல் ஆரஞ்சும் இல்லாமல், கசகசாவை ஈரப்படுத்தி உருட்டினாற்போலச் சினை. கையை விட்டு எடுத்தாள். குளிர்ச்சியாயிருந்தது, அவ்வளவுதான். உடம்பில் எவ்வளவு பெரிய பங்கு அது என்று ஒவ்வொரு வருஷமும் ஆச்சரியப்படுவாள். இந்த வருஷமும் ஆச்சரியப்பட்டாள். சின்னத் தட்டில் வைத்து, எண் அடங்குவதற்காகக் காத்திருக்கும்போது, எதிரில் ரேடியோ வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எழுதிக்கோ," என்றாள் அவள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவனுக்கு டூட்டி இல்லை. சாப்பிட்டுவிட்டுத் தரையில் கால் நீட்டிக்கொண்டு, ஓடாத மேஜை விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிள்ளைக்கென்று ஒதுக்கியிருந்த அறைக் கதவு சாத்தியே கிடந்தது. அவள் சமையலறையில் அரிசி டின்னைத் திறந்து, ஒரு பழைய பருத்தித் துண்டை விரித்து, ஸ்கேன் சொன்ன எடைக்குக் கைக்கணக்காகப் படியால் அள்ளி அள்ளிப் போட்டாள். என்ன செய்யப்போகிறோம் என்று யோசித்துச் செய்ததில்லை. கைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். டேப் சொன்ன நீளத்துக்குத் துண்டைச் சுருட்டி, இரண்டு முனையும் கட்டி, கொண்டுவந்து அவனெதிரில் உட்கார்ந்தாள்.

"கைய நீட்டுங்க."

"என்னது இது?"

"நீட்டுங்க."

அவன் நீட்டினான். வாங்கினதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. கீழே வைக்கவும் முடியவில்லை அவனால். "உனக்குப் பைத்தியமா?" என்றான் மெதுவாக.

"இவ்வளவு இருந்தாளா?"

"வேணாம்மா."

"இத விடக் கூடவா, குறைச்சலா? அத மட்டும் சொல்லுங்க. வேற எதையும் கேக்கல, இனிமே கேக்கவும் மாட்டேன்."

தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் தெருமுனை திரும்பியது. பிறகு மூட்டையை அவளிடமே நீட்டினான்.

"குறைச்சல்."

அவள் முடிச்சை அவிழ்த்துப் பாத்திரத்தில் கொஞ்சம் கொட்டிவிட்டு, கட்டிக் கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினான்.

"இன்னும் எடு."

மறுபடி அவிழ்த்தாள். ஒரு பிடி எடுத்தாள்.

"இன்னும்."

ஒவ்வொரு "இன்னும்" என்பதும் அவளுக்குள் எங்கேயோ போய் விழுந்தது. கோட்டுக்குக் கீழே, இன்னும் கீழே, எந்தப் புள்ளியும் இல்லாத இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது துண்டு. நீளம் அப்படியே இருக்க, சுருட்டினது தளர்ந்து தொய்ந்தது. மீன் இரையில்லாமல் கிடந்தால் எடைதான் போகும், நீளம் போகாது. வளர்ந்த எலும்பு வளர்ந்ததுதான். அவளுக்கு அது தெரியும். ஏரியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்: நல்ல நீளம், தலை மட்டும் பெரிதாக, பின்னால் கத்தி மாதிரி உடம்பு. பார்த்தவுடனே சொல்வாள், இது எத்தனை நாளாக இரையெடுக்கவில்லை என்று.

அவளையறியாமல் உதடு அசைந்திருக்க வேண்டும்.

"பாரு, இதுக்குத்தான்," என்றான் அவன். "இதுக்குத்தான் சொல்லல. சொன்னா நீ உக்காந்து கணக்குப் போடுவே. எப்ப இளைக்க ஆரம்பிச்சா, எந்த வாரம், அன்னிக்கு நான் என்ன சாப்பிட்டேன், ஏன் எனக்குத் தெரியலன்னு போட்டுக்கிட்டே இருப்பே. எனக்கு உன்னத் தெரியாதா? டாக்டரே சொன்னாரு, கொடி வழியா எதுவும் போகல, யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாதுன்னு. ஆனா நீ கேப்பியா? ஒரு மீன் இளைச்சிருந்தாலே யார் சொன்னாலும் கேக்க மாட்ட."

அவன் சொன்னது சரி. கணக்கு ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தது. இனி அது நிற்கவும் போவதில்லை. தெரிந்துகொண்டால் தூங்கிவிடலாம் என்று நினைத்தது பொய்தான். ஆனாலும் இது அவளுடைய கணக்கு. இன்னொருத்தர் இரங்கி வைத்த எண்ணில் போடுகிற கணக்கில்லை.

"இன்னும் எடுக்கணுமா?" என்று கேட்டாள்.

அவன் மூட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தான். இப்படி அப்படிச் சற்று நகர்த்தினான். பிறகு தலையை ஆட்டினான்.

"இவ்வளவுதான். இவ்வளவுதான் இருந்தா."

அவள் கையை நீட்டினாள். மீனை வாங்கும் வழக்கத்தில் இரண்டு உள்ளங்கையையும் ஒட்டினாற்போல வைத்து நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை.

"அப்படி இல்ல," என்றான். "தலைப்பக்கம் கை குடுத்துப் பிடி. அதுக்குக் கழுத்து நிக்காது."

அவள் இடது முழங்கையை மடித்துக்கொண்டாள். அவன் குனிந்து, அந்த மடிப்பில் ஒரு முனையை வைத்து, மறு கையை எடுத்துக் கீழே கொடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெல்லத் தன் கையை விலக்கிக்கொண்டான்.

கனமே இல்லை. கையில் ஏதோ இருக்கிறது என்று கவனித்தால்தான் தெரிகிற கனம். அவள் கவனித்தாள்.

நேரம் போனது. வெயில் ஜன்னலைவிட்டு நகர்ந்து சுவரில் ஏறியது. தராசு வீட்டில் இல்லை. இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டாள் என்று தோன்றியது. அவன் பாத்திரத்திலிருந்த அரிசியைப் பார்த்தான், அவள் கையிலிருந்ததைப் பார்த்தான்.

"ராத்திரிக்கு என்ன பண்றது?" என்றான் கடைசியில். "டின்ல இருக்கா?"

"இல்ல. எல்லாம் இதுதான்."

அவன் பாத்திரத்தை எடுத்து மேலே அலமாரியில் வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டான். பொத்தான் மாறிப் போயிருந்தது.

"கடைல வாங்கிட்டு வந்துடறேன்," என்றான். "ரெண்டு நாளைக்கு வர்ற மாதிரி வாங்கிக்கறேன்."

"சரி."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. அவளுக்கு முழங்கை வலிக்க ஆரம்பித்தது, இத்தனை லேசானதற்கு. கை மாற்றிக்கொள்ளவில்லை. வலிக்கட்டும் என்று இருந்தாள்.